சுவர் நகருது, ஓரின்

"அந்தப் பட்டன்ல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

"கை வைக்காம அது எப்படி உள்ள வரும்? நீ போய்க் கெஞ்சிப் பாரு, மனசு இரங்கி வருதான்னு."

"நேத்தே கிளம்பிடலாம்னு சொன்னேன். சொன்னேனா இல்லியா?"

"முந்தாநாளும் சொன்னே. போன மாசமும் சொன்னே. நீ சொல்லாத நாள் ஒண்ணு காட்டு பாக்கலாம்."

ஓரினும் அவன் மனைவி அர்லிஸும் போட்ட சத்தம் மழையையும் மீறி நாலு வண்டி தாண்டிக் கேட்டது. அதற்கப்பால் இருந்தவர்கள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டார்கள். மெஸ்கீட் பெண்ட் பார்க்கில் எல்லோருக்கும் வீடு என்பது சக்கரம் வைத்த வண்டிதான், சுவரெல்லாம் அட்டை கனம்தான். யார் வீட்டில் யார் தும்மினாலும் வரிசை முழுக்க வாழ்த்துச் சொல்லும். அதிலும் அந்த இருவரின் சண்டையைத் தவறவிட்டால் அன்றைய காபிக்கே ருசி இருக்காது.

ஆனால் அன்று அர்லிஸின் குரலில் வழக்கமான புலம்பல் இல்லை. காரணம், ஓடை வந்துகொண்டிருந்தது.

அரிசோனா பாலைவனத்தில் ஓடை என்றால் வருஷம் முழுக்க மணல். போன வாரம்தான் அதற்குள் இறங்கி ஆண்கள் கோல்ஃப் ஆடினார்கள். வடக்கே மலையில் ராத்திரி முழுக்க மழை கொட்டியது. காலையில் மேனேஜர் டோய்ல், கையில் ஒலிபெருக்கியோடு தன் சின்ன வண்டியில் சுற்றி வந்தான். பார்க்கின் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகவும், எல்லோரும் கணவாயைத் தாண்டி ஊர்ச் சந்தைத் திடலுக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னான். போக ஒரே பாதை. அது முதலில் ஓடைப் பள்ளத்தில் இறங்கி, பிறகு மலையில் வளைந்து வளைந்து ஏறும். பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் பாதையே கிடையாது.

வரிசையில் எல்லோரும் ஸ்லைடை உள்ளே இழுத்துக்கொண்டு தயாரானார்கள். சோபா, சாப்பாட்டு மேசை, ஜன்னல் எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு பக்கச் சுவரே இழுப்பறை மாதிரி வெளியே நீளுமே, அதுதான் ஸ்லைடு. நின்ற இடத்தில் அது ஒரு சொர்க்கம். உள்ளே வந்தால்தான் வண்டி நகர முடியும். வராவிட்டால், மூன்றடிக்கு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற வீட்டை எந்த ரோட்டில் ஓட்டுவது?

ஓரினின் ஸ்லைடு வரவில்லை. பட்டனை அமுக்கினால் அடியில் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகும். சுவர் ஒரு விரற்கடை அசையும். அப்புறம் அமைதி.

"அது முனகுறப்ப அமுக்கிக்கிட்டே இருந்தா மோட்டார் எரிஞ்சு போகும், ஓரின்."

"ஒண்ணும் ஆகாது."

இந்த இரண்டு வார்த்தைகளை அவர்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சொல்லி வந்திருக்கிறான். கேஸ் வாடை வருகிறது என்பாள், ஒன்றும் ஆகாது. டயரில் ஏதோ வீக்கம் என்பாள், ஒன்றும் ஆகாது. மினசோட்டாவில் வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியே கதி என்று வந்தபோது அவள் ஒரு வாரம் தூங்கவில்லை, அப்போதும் ஒன்றும் ஆகாது. இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் அவன் சொன்னபடி ஒன்றும் ஆனதில்லை. பார்க்கில் அவளுக்கு வானிலை அறிக்கை என்று பட்டப்பெயரே உண்டு. கூப்பிட்டது ஓரின்தான், பிடித்துக்கொண்டது மற்றவர்கள்.

ஒருவன் வண்டிக்கு அடியில் குனிந்தால் போதும், பார்க்கில் பாதிப் பேர் கூடிவிடுவார்கள். வழக்கமாக மடக்கு நாற்காலியோடு வருவார்கள், அன்று குடையோடு வந்தார்கள். முதலில் வந்தவன் வெர்லின். மனைவியை இழந்தவன், கைவசம் பெரிய கருவிப்பெட்டி, அதைவிடப் பெரிய அபிப்பிராயம். அவன் பின்னாலேயே பக்கத்து வண்டி லவோன் காபி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். அவளும் விதவை. வெர்லின் எங்கே குனிந்தாலும் லவோனுக்கு அந்த வழியாக வேலை இருக்கும். அதை யாரும் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்.

"பேட்டரிதான்," என்றான் வெர்லின், இன்னும் குடையை மடக்காமல்.

"ஃப்யூஸா இருக்கும்," என்றார் வரிசைக் கடைசியில் நிற்கும் கோடி வண்டிக்காரர்.

"ஃப்யூஸ் போனா முனகுமாய்யா? வாயைத் தொறக்காது. இது பசியில முனகுது. கரண்ட் இல்ல, கூரை மேல சோலாருக்கு மூணு நாளா வெயிலும் இல்ல, பேட்டரிக்கு எங்கிருந்து வரும் தெம்பு? ஓரின், என்ஜினைப் போட்டுட்டு அமுக்கு."

என்ஜினைப் போட்டு அமுக்கினான். சுவர் ஒரு சாண் உள்ளே வந்தது. எல்லோரும் "ஆ" என்றார்கள். உடனே லவோன் அலறினாள்.

"நிறுத்து, நிறுத்து! முன்பக்கம் வருது, பின்பக்கம் வரல! கோணிக்கிட்டு நிக்குது பாருங்க, தொப்பி போட்ட குடிகாரன் மாதிரி!"

வெர்லின் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தான். ஸ்லைடு ஓடுகிற பல்சட்டத்தில் சரளைக்கல் சிக்கியிருந்தது. துடைப்பக் கட்டையால் குத்தி எடுத்தான். மறுபடி அமுக்கினார்கள். இந்தத் தடவை முனகலும் வரவில்லை.

இதற்குள் அர்லிஸ் இவர்களை விட்டு ஓடைக்கரைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரமாக அவள் காதில் ஒரு சத்தம். தூரத்தில் ரயில் போவது போல, ஆனால் போய் முடியாத ரயில். எட்டிப் பார்த்தாள். மணலின் மேல் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டு வந்துகொண்டிருந்தது. அகலம் ஒரு கட்டில்தான். அதன் நுனியில் நுரை, சுள்ளி, யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி நிமிர்ந்தபடியே, ஆள் உட்கார்ந்திருப்பது போல மிதந்து வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு இரண்டு கட்டில் அகலமானது.

ஓடி வந்தாள். "தண்ணி வந்தாச்சு! விட்டுடலாம் ஓரின், வண்டி கிடக்கட்டும். லவோன் வண்டியில ஏறிடலாம்."

"வண்டி கிடக்கட்டுமா? இதுல இருக்கிறதுதான்டி நம்ம சொத்து பூரா. வேற வீடு இருக்கா உனக்கு?"

இல்லைதான்.

"கையால சுத்திடலாம்," என்றான் வெர்லின் அடியிலிருந்து. "கைப்பிடி எங்க வச்சிருக்க?"

மோட்டாரின் முதுகில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லிவர் இருக்கும். அதைத் திருப்பினால் மோட்டாரின் பிரேக் விட்டுவிடும், அப்போதுதான் கைப்பிடி போட்டுச் சுற்ற முடியும். சுற்றி மூடியதும் லிவரை மறுபடி பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அந்தச் சுவரைப் பிடித்து வைக்க உலகத்தில் ஒன்றும் கிடையாது. இது எங்கள் வரிசையில் குழந்தைக்கும் தெரியும். அங்கே குழந்தை யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

வெர்லின் லிவரைத் திருப்பினான். ஓரின் கைப்பிடியைச் சுற்றினான். கோடி வண்டிக்காரர் பின்மூலையைத் தோளால் தள்ளினார். லவோன் மேல்விளிம்பைப் பார்த்து "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் பார்க்கில் எந்த வேலையும் இப்படித்தான். ஆளுக்கொரு துண்டு செய்வோம், முழுசாக யாரும் செய்வதில்லை. எல்லாருக்கும் பெருமையில் பங்கு வேண்டுமே.

சுவர் போய் மூடியது. சரியாக அந்த நேரம் டோய்லின் குரல் வந்தது. "கீழ் வரிசைக்குத் தண்ணி வந்தாச்சு! போட்டது போட்டபடி கிளம்புங்க! உடனே!"

கோடி வண்டிக்காரர் ஓடினார். வெர்லின் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கருவிப்பெட்டியை வாரிக்கொண்டு தன் வண்டிக்கு ஓடினான். ஓரின் கைப்பிடியைத் தட்டுமுட்டு அறையில் எறிந்துவிட்டு ஏறினான். லிவரைத் திருப்பி வைத்தது யார் என்று பின்னால் பல வாரம் விவாதம் நடந்தது. பதில் எளிது. யாரும் இல்லை.

பள்ளத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு இருந்தது. இறங்கியபோது சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எழுந்து கண்ணாடிகளின் மேல் விழுந்தது. அர்லிஸ் இருக்கையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அக்கரையில் போய்த்தான் விட்டாள். ஓரின் சிரித்தான்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல. சாயங்காலம் திடல்ல உக்காந்து நீ செஞ்சு வச்ச கறி ஹாட்டிஷ்ஷைச் சூடு பண்ணிச் சாப்பிடறோம். மேல போட்ட உருளைக்கிழங்கு மொறுமொறுன்னு இருக்கணும்."

பார்க் வாசலுக்கு முதல் வண்டி அவர்களுடையதுதான், அதுவே முன்னால் மலையேறத் தொடங்கியது. பின்னால் லவோனின் வண்டி. அதற்கும் பின்னால் வரிசையாக மற்றவை, எல்லாருக்கும் கடைசியாக வெர்லின். முதல் வளைவு முடிந்ததும் லவோன் ஹார்ன் அடித்தாள். இரண்டாவது வளைவில் விடாமல் அடித்தாள்.

"என்ன அவசரமாம் அவளுக்கு? முந்தணுமாமா? வெர்லின்தான் பின்னாடி இருக்கானே, அவன்கூட வரட்டுமே," என்றான் ஓரின்.

அர்லிஸின் தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் குளியலறைக்குப் போனாள். துண்டை எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

நேராக நடந்து போனேனே.

ஸ்லைடு மூடியிருந்தால் சோபாவுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும். ஓரின் வயிற்றை எக்கிக்கொண்டு போவான். இப்போது அவள் இரண்டு தோளும் எதிலும் இடிக்காமல், ஹோட்டல் வராந்தாவில் நடப்பது போல நடந்து போய் வந்திருக்கிறாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சோபா தள்ளிப் போயிருந்தது. சுவரின் ஓரத்தில், ரப்பர் விளிம்பு பிரிந்து, மேலிருந்து கீழ்வரை, நூல் கனத்துக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் வழியாக மழை பொடியாக உள்ளே தெறித்தது. அவள் பார்க்கும்போதே வண்டி வலப்பக்கம் வளைந்தது. நூல் விரலானது. சத்தமே இல்லை. சோபா, மேசை, ஜன்னல், மேசைமேல் இருந்த உப்புக் குப்பி எல்லாம் ஒன்றாக, அமைதியாக, அவளை விட்டு விலகிப் போயின.

"சுவர் நகருது, ஓரின்."

"எந்தச் சுவர்?"

"நம்ம சுவர். ஸ்லைடு. வெளிய போகுது."

"இப்பத்தானே கையால சுத்தி மூடினேன். தோள்பட்டை கழண்டு போச்சு எனக்கு. எங்கயும் போகாது."

"திரும்பிப் பாரு."

"வளைவுல திரும்பிப் பாத்தா ரெண்டு பேரும் நேரா ஓடைக்குத்தான் போவோம். சும்மா உக்காரு. ஒண்ணும் ஆகாது."

அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓடும், ஸ்லைடு இருந்தது ஓட்டுபவன் உட்காரும் இடப்பக்கம். ஜன்னல் வழியே அவளுக்கு ரோட்டின் நடுவிலுள்ள மஞ்சள் கோடு தெரிந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே தெரிந்தது. அதற்கு அப்பால் எதிரே வருகிறவர்களின் பாதி. இதுவரை எதிரே யாரும் வரவில்லை, ஊரே வெளியே போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே யார் வருவார்கள்? ஆனால் யாராவது வந்தால், வருகிறவன் முகத்தில் மோதப்போவது அவர்கள் வீட்டு ஜன்னல்தான். அந்த மோதலில் இந்தப் பக்கம் என்ன மிஞ்சும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

அடுத்தது இடப்பக்க வளைவு. சுவர் திரும்பி வந்து 'தப்' என்று மூடிக்கொண்டது. உப்புக் குப்பி உருண்டு விழுந்தது.

"கேட்டுச்சா? அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"ஏதோ அலமாரி."

இதுதான் அவளை உலுக்கியது. சுவரைவிட இதுதான். அவன் முகத்தில் கொஞ்சமும் கவலை இல்லை. மழைத்துடைப்பானின் தாளத்துக்கு வாயால் ஏதோ பாட்டு வேறு. அவள் சொல்வதை அவன் கேட்கிறான், ஆனால் அது அவனுக்குள் போவதற்கு முன்பே அவனிடம் பதில் தயாராக இருக்கிறது. இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, உண்மையான பயத்தைச் சொல்ல அவளிடம் புதுக் குரல் ஒன்று மிச்சமில்லை.

துணி காயப்போடும் கயிறு குளியலறைக் கதவில் தொங்கியது. எடுத்தாள். மண்டியிட்டு சோபாவின் இரும்புக் காலில் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனையை எதிர்ப்பக்க வாசற்படியின் கைப்பிடிக் கம்பியில் சுற்றினாள். வலது வளைவு வந்தது. கயிறு விறைத்துக் கிறீச்சிட்டது, கம்பி லேசாக வளைந்தது. இடது வளைவில் சுவர் உள்ளே வந்தபோது தொய்ந்த கயிற்றை அவசர அவசரமாக இன்னொரு சுற்று சுற்றினாள். அடுத்த வலது வளைவில் கம்பியின் மேல் திருகாணி ஒன்று 'டிக்' என்று தெறித்து எங்கோ விழுந்தது.

"என்னடி பண்ற பின்னாடி? பெல்ட் போட்டு உக்காரு!"

"கண்ணாடியில பாரு, ஓரின். உன் பக்கக் கண்ணாடியில."

"பூரா சேறு. ஒண்ணும் தெரியல."

அவள் எழுந்தாள். துண்டை எடுத்தாள். ஓட்டிக்கொண்டிருப்பவன் மார்பின் குறுக்கே சாய்ந்து, அவன் பக்க ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். மழை இருவர் முகத்திலும் அறைந்தது.

"பைத்தியமா உனக்கு! கண்ணு தெரியல எனக்கு!"

கையை வெளியே நீட்டி, எட்டாத கண்ணாடியை விரல் நுனியில் இருந்த துண்டால் ஒரு தடவை, இன்னொரு தடவை வழித்தாள். துண்டு காற்றில் பிய்த்துக்கொண்டு போனது.

ஓரின் கண்ணாடியைப் பார்த்தான்.

பின்னால் வருகிற ரோடோ, லவோனின் வண்டியோ அதில் இல்லை. கண்ணாடி முழுக்க அவன் வீட்டுச் சுவர் இருந்தது.

அவன் பாட்டு நின்றது. "ஐயோ," என்றான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவன் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதே!"

"என்னது?"

"நிறுத்தாதே, ஓரின். கீழ பாரு!"

வளைவின் விளிம்புக்கு அப்பால் பள்ளம் தெரிந்தது. கடைசி மூன்று நாலு வண்டிகள் இன்னும் தண்ணீரில் இருந்தன. தண்ணீர் அவற்றின் வயிற்றைத் தொட்டது. வெர்லினின் பச்சை வண்டிக்கு முன்னால் ஒருவன் நகர்ந்தால்தான் இவன் நகர முடியும், அவன் நகர அவனுக்கு முன்னால் இருப்பவன் நகர வேண்டும். இந்த ஒற்றை ரோட்டில் எல்லோருக்கும் முன்னால் இருந்தது இவர்கள் வண்டிதான். ஒதுங்க இடம் உச்சியில்தான்.

"நீ நின்னா எல்லாரும் நிக்கணும். வெர்லின் தண்ணியிலயே நிக்கணும். மேல வரைக்கும் போ."

"எதிர்ல எவனாவது வந்தா?"

"வராதுன்னு சொல்லேன். வழக்கமா சொல்வியே."

அவன் சொல்லவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் கூட்டினான். எதிரே யாரும் வரக்கூடாது என்று அவள் கடவுளிடம் கேட்டுக்கொண்டாள். கடவுள் அன்று வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

மேலிருந்து ஆரஞ்சு விளக்கு சுழன்று சுழன்று இறங்கி வந்தது. மணல் மூட்டை ஏற்றிய லாரி. வலப்பக்க வளைவு.

ஓரின் ஹார்னில் கையை வைத்தான், எடுக்கவில்லை. வலது சக்கரங்கள் ரோட்டை விட்டுச் சரளையில் ஏறின. வலப்பக்கக் கண்ணாடி பாறையில் உரசி மடங்கியது. அர்லிஸ் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அடுப்பு மேடையின் அடியில் முட்டுக்கொடுத்து, கயிற்றை முழங்கையில் சுற்றிப் பின்னால் சாய்ந்தாள். அவள் சதைபிடித்தவள் இல்லை. சாய்ந்து என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தெரியாது. கம்பியின் இரண்டாவது திருகாணியும் தெறித்தது. அதன் பிறகு சுவரின் எடையில் ஒரு பங்கு அவள் கையில் இருந்தது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அவள் கத்தினாள், ஆனால் விடவில்லை.

"ஓரின்!"

"பாக்கறேன்! பாத்துக்கிட்டே இருக்கேன்!"

ஜன்னல் முழுக்க லாரி. ஓட்டுநரின் வாய் திறந்திருந்தது வரை தெரிந்தது. அப்புறம் தகர டப்பாவை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம். ஸ்லைடின் மேலிருந்த மழைத்திரையின் தகரக்கூடு பிய்ந்தது, ஜன்னல் உடைந்து சோபாவின் மேல் கொட்டியது, மழை உள்ளே வந்தது. லாரி போய்விட்டது. சுவர் இருந்தது. அவர்களும் இருந்தார்கள்.

உச்சியில் ஒதுங்கி நின்றபோது ஓரினால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. அவன் விரல்களை லவோன்தான் வந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"ஹார்ன் அடிச்சு அடிச்சு என் கை ஓஞ்சு போச்சு. உங்க சுவர் போறதும் வர்றதுமா, பாக்கறவ நெஞ்சு நின்னு போச்சு! உனக்குக் காது இல்லையா?"

"நீ முந்தறேன்னு நெனச்சேன்," என்றான் ஓரின் மெதுவாக.

மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியாகப் பச்சை வண்டி, வயிறுவரை சேறு பூசிக்கொண்டு. வெர்லின் இறங்கியதும் நேரே ஓரின் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். பிறகு 'க்ளிக்' என்று லிவர் திரும்பிய சத்தம்.

"நீ திருப்பி வைப்பேன்னு நெனச்சேன்," என்றான் வெளியே வந்து.

"நீதானேய்யா அடியில இருந்தே?"

"கைப்பிடி யார் கையில இருந்துச்சு? கைப்பிடி வச்சிருக்கிறவன்தான் லிவரைப் பாக்கணும்."

"எந்த ஊர் சட்டம் அது?"

இரண்டு கிழவர்களும் மழையில் நின்று குரலை உயர்த்தினார்கள். சேர்ந்துகொள்ளக் கோடி வண்டிக்காரரும் வந்தார். தான் தோளால் தள்ளாவிட்டால் சுவர் மூடியே இருக்காது என்பது அவர் கட்சி. அர்லிஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கைகளில் லவோன் வெண்ணெய்க்காகிதத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள், கையில் கிடைத்தது அதுதான்.

ஓரின் வந்து எதிரே குந்தினான். "கண்ணு, ரொம்ப வலிக்குதா?"

"நான் சொன்னப்ப நீ பாக்கல."

"பாத்தேனே. கண்ணாடியில பாத்தேன்ல?"

"நான் துடைச்சு விட்டப்புறம் பாத்தே."

"லிவரை மறந்தது என் தப்புன்னு வச்சுக்கோ, நான்..."

"லிவரை யாரு வேணா மறக்கலாம். லிவர் பத்தி நான் பேசல."

எங்கள் பார்க்கில் முதல்முறையாக ஓரினுக்குப் பதில் கிடைக்காததை நேரில் பார்த்தவள் லவோன். அதை அவள் எத்தனை பேருக்குச் சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை.

அன்று திடலுக்கு அர்லிஸ் லவோனின் வண்டியில்தான் போனாள். அந்த வாரமே விமானம் பிடித்து மினசோட்டாவுக்கே, டுலூத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் இல்லை, கை ஆறும்வரை என்று சொல்லிக்கொண்டார்கள். கை ஆறியது, அவள் வரவில்லை. ஓரின் உடைந்த ஜன்னலில் பலகை அடித்துக்கொண்டு திடலிலேயே குளிர்காலத்தைக் கழித்தான். ஞாயிறுதோறும் அவளுக்கு ஃபோன் செய்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாளாம். நகராத வீடு, அதில் அவள் ஏதாவது சத்தம் கேட்கிறது என்றால் அவன் வாயைத் திறப்பதற்கு முன் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வசந்தத்தில் அவன் வண்டியை ஒரேகான்காரர் ஒருவரிடம் விற்றான். அவரை அடியில் படுக்கவைத்து லிவரைத் திருப்பச் சொல்லி, மறுபடி திருப்பச் சொல்லி, சரியாகத் திரும்பியதா என்று தானும் படுத்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தான். வாங்கினவர் பயந்துபோய் இவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தாராம்.

இப்போது அவர்கள் டுலூத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். அங்கே ஹீட்டர் குழாய் இருமும், மாடிக்காரர் நடப்பார், ஏரிக்காற்று கதவைத் தட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓரின் எழுந்து போகிறான். பாதி நேரம் அவளுக்குக் கேட்காததெல்லாம்கூட அவனுக்குக் கேட்கிறதாம்.

வெர்லினும் லவோனும் அடுத்த குளிர்காலத்தில் பார்க்கின் புதுக் கூடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பார்க்கை டோய்ல் மேட்டுக்கு மாற்றியிருந்தான். இருவரும் யார் வண்டியை விற்பது என்று மூன்று மாதம் சண்டை போட்டு, கடைசியில் இரண்டையும் விற்றுவிட்டு டூசானில் செங்கல் வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். கோடி வண்டிக்காரர் மட்டும் இன்னும் எங்களோடு இருக்கிறார்.